கொழுப்பும் மூச்சும்

'கொழுப்பு' என்ற சொல்லுக்கு நம் ஊரில் நல்ல பெயர் இல்லை. திமிராகப் பேசுகிறவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்கிறோம். மருத்துவரிடம் போனால் அவர் முதலில் குறைக்கச் சொல்வதும் அதைத்தான். ஆனால், அந்தக் கொழுப்பிலிருந்து பிறக்கும் சில பொருள்களே நம் மூச்சுக்குழலின் அழற்சியைத் தணிக்கின்றன என்றால் நண்பர்கள் நம்புவீர்களா? வேதியியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தாயின் மகள் என்ற முறையிலும் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் தம்பிக்கு இழுப்பு உண்டு. மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் இரவு உறக்கம் கிடையாது. 2018 சனவரி 13 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு சிறுவனின் மூச்சுக்குழலுக்கு என்ன கதி! "மீன்காரி வீட்டுப் புள்ளைக்கே இழுப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுதோறும் சூன் மாதம் ஐதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்க ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள் அல்லவா? அது இழுப்பைப் போக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் மீனின் கொழுப்புக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு வேறு கதை.

அழற்சி என்பது என்ன? மயிலைவாசிகளுக்கு விளக்குவது எளிது. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் கூட்டம் எப்படி நெரிகிறது! மூச்சுக்குழலில் தூசியோ புகையோ கிருமியோ நுழையும்போது வெள்ளணுக்கள் அப்படித்தான் வந்து குவிகின்றன. குழலின் சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, வழி குறுகுகிறது. அவற்றை அழைக்கும் செய்தியாளர்களுள் முக்கியமானது லியூக்கோட்ரையீன். நம் செல்களின் சவ்விலுள்ள அராக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலத்திலிருந்து அது உண்டாகிறது. அந்தக் குடும்பத்தின் சில உறுப்பினர்கள், மூச்சுக்குழலைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைவிடப் பல நூறு மடங்கு வல்லவை. 1979-இல் அதற்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் சாமுவேல்சன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் மான்டெலூகாஸ்ட் மாத்திரை தடுப்பது இந்த லியூக்கோட்ரையீனின் வேலையைத்தான்.

கூட்டம் கூடினால் போதுமா? கலைய வேண்டாமா? விழா முடிந்த பின் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து தெருவைக் கூட்டினால்தான் மறுநாள் நாம் நடக்க முடியும். உடலில் அழற்சி தானாக ஓய்ந்துவிடுகிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அப்படியன்று, அதை முடித்து வைக்கவும் தனிச் செய்தியாளர்கள் உண்டு என்பது பிறகு தெரிந்தது. 1984-இல் செர்ஹானும் சாமுவேல்சனும் குழுவினரும் லிப்பாக்சினைக் கண்டனர். வியப்பு என்னவென்றால், அதுவும் அதே அராக்கிடோனிக் அமிலத்தின் பிள்ளைதான்! கூட்டத்தைக் கூட்டிய வீடே கலைக்கவும் ஆள் அனுப்புகிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் இந்த லிப்பாக்சின் குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பின்னர் செர்ஹான் குழுவினர் ரிசால்வின் என்ற வகையைக் கண்டனர். இது மீன் கொழுப்பிலுள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 அமிலங்களிலிருந்து வருவது. மேலும் வெள்ளணுக்கள் வருவதை இது தடுக்கிறது; இறந்த அணுக்களை விழுங்கி அப்புறப்படுத்தும் பெரிய அணுக்களைத் தூண்டுகிறது.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது. டென்மார்க்கில் 736 கருவுற்ற பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு 24-ஆம் வாரத்திலிருந்து நாள்தோறும் 2.4 கிராம் மீன் கொழுப்பு அமிலம்; மறு பாதியினருக்கு ஆலிவ் எண்ணெய். பிறந்த குழந்தைகளில் தொடர் இழுப்போ ஆஸ்துமாவோ கண்டவர்கள் முதல் வகையில் 16.9 விழுக்காடு, இரண்டாம் வகையில் 23.7 விழுக்காடு. இதை ஆர்வத்தோடு அம்மாவிடம் படித்துச் சொன்னேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவன் வயித்துல இருந்தப்ப எனக்குக் கவிச்சியே ஆவல பாப்பா. ஒரு துண்டு மீன் துன்னல. அப்போ என்னாலதான் புள்ளைக்கு இப்டி ஆச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஆய்வின் எண்களைக் கொண்டே விடை சொன்னேன். மீன் எண்ணெய் உண்ட 100 தாய்மாரிலும் 17 பேரின் பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது. உண்ணாத 100 பேரிலும் 76 பேரின் பிள்ளைகளுக்கு வரவில்லை. பிற நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவுமில்லை. பரம்பரை, சளிக் காய்ச்சல், புகை, தூசி என்று காரணங்கள் பல. பலரைச் சேர்த்து எண்ணிய கணக்கைக் கொண்டு ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அந்தப் புள்ளைங்களப் பெத்தவங்களுக்கும் யாராச்சும் சொல்லணும்" என்றாள். அவளுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஆகவே நண்பர்களே, இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. எனவே மீனை நம்பி இன்ஹேலரை விட்டுவிடுவது ஆபத்து. 'பழக்கமாகிவிடும்' என்று அஞ்சி அதை ஒளித்து வைப்பதும் அறியாமையே. என் தம்பி பள்ளிப் பையில் அதை வெளிப்படையாகவே எடுத்துச் செல்கிறான்.

இரண்டாவது, பாண்டி பஜார் மருந்துக்கடையில் விலை கொடுத்து வாங்கும் மாத்திரையில் உள்ள ஒமேகா-3 நம் கடலிலேயே இருக்கிறது. வஞ்சிரத்துக்கு மட்டும் மதிப்புத் தருகிறோம். கூறு போட்டு விற்கும் மத்தியை யார் மதிக்கிறார்கள்? கொழுத்த மத்தியில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல் இந்த அமிலங்கள் இருக்கும். கவலையும் அதற்கு உறவுதான். பெயரில் மட்டுமே கவலை! சைவ அன்பர்களும் வருந்த வேண்டாம். மீனுக்கே இது கடற்பாசி நுண்ணுயிர்களிடமிருந்துதான் கிடைக்கிறது; அந்தப் பாசியின் எண்ணெயும் இப்போது விற்பனைக்கு உண்டு. ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3 அமிலத்தின் ஒரு சிறு பகுதியையும் நம் உடல் இவ்வாறு மாற்றிக்கொள்கிறது.

அடுத்த போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துமுன், அதே தெருவில் ஓர் இளம் மூச்சுக்குழல் வழி தேடிக்கொண்டிருக்கும் என்பதை நினையுங்கள். கூட்டத்தைக் கலைக்க உடல் படும் பாடு பெரிது. அதைக் கூட்டாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.