ஒரு குழாய் போதுமுங்க

கோவை கணபதிப் பக்கம், மோட்டார் பம்புப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சைலன்சர் பட்டறை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது, ஆனாலும் விலை உயர்ந்த கார்கள் வழி தெரிந்து வந்துவிடுகின்றன. நான் போனபோது லிஃப்டில் ஓர் ஆடி டிடி. வாசலில் முஸ்டாங் ஒன்று முறைக்குக் காத்து நின்றது.

டிடிக்காரர் இளைஞர். இன்ஜினிலிருந்து கடைசிவரை இரண்டு குழாய் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டறைக்காரர் அடித்தட்டை டார்ச்சால் காட்டினார். "நாலு சிலிண்டரும் ஒரே வரிசைல இருக்குதுங்க தம்பி. நாலோட புகையும் ஒரே டர்போவுக்குள்ள போயி, ஒரே வழியா வெளிய வருது. ஒண்ணா வர்றத ரெண்டாப் பிரிச்சு என்னத்துக்குங்க?"

சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். 3 அங்குலக் குழாய் ஒன்றின் உள்பரப்பு சுமார் 7 சதுர அங்குலம். 2 அங்குலக் குழாய் இரண்டைச் சேர்த்தாலும் 6.3தான் வரும். சுற்றளவோ தலைகீழ்: ஒற்றைக்கு 9.4 அங்குலம், இரட்டைக்கு 12.6. புகை போகிற வழி குறைகிறது. அது உரசிப் போகிற சுவரும், சுமக்க வேண்டிய இரும்பும் கூடுகின்றன. பள்ளிக்கூட வட்டக் கணக்கு இப்படிப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்காகக் குழாயை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் கூடாது. டர்போ இல்லாத இன்ஜினில் குழாய் அளவு மீறினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விடும். 'பேக் பிரஷர் வேணும்' என்று பலர் சொல்வது இதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான். வேண்டியது அழுத்தம் அல்ல, வேகம்.

முஸ்டாங் கதை வேறு. 5 லிட்டர் வி8. பக்கத்துக்கு நாலு சிலிண்டராக இன்ஜினே இரண்டு பாதியாகத்தான் இருக்கிறது. அதில் இரட்டைக் குழாய் அலங்காரம் இல்லை. வெடிப்பு வரிசை 1-5-4-8-6-3-7-2. 8-உம் 6-உம் ஒரே பக்கம், அடுத்தடுத்து வெடிக்கும். 2-உம் 1-உம் அப்படியே. அந்தச் சீரற்ற தாளம்தான் அதன் உறுமல். இரு குழாயையும் நடுவில் எக்ஸ் வடிவத்தில் சந்திக்க விட்டால் இரு பக்கத்துத் துடிப்பும் கலந்து சத்தம் சற்று மெருகேறும்.

எனக்குப் பிடித்தது மூலையில் நடந்த வேலை. குழாயை அழுத்தி வளைத்தால் வளைவில் நசுங்கும் என்பதால், நசுங்காமல் வளைத்த பெண்டுகளை வாங்கி, கோணம் பார்த்து அறுத்து ஒட்டுகிறார்கள். முதலில் காருக்கு அடியிலேயே புள்ளி புள்ளியாக டாக். பிறகு மேஜைக்கு இறக்கி முழு வெல்டிங். 304 எஸ்.எஸ். பைப் என்றால் ஆர்கான் வெல்டிங்தான். வெல்டர் குழாயின் இரு முனையையும் டேப்பால் அடைத்து, சின்ன ஓஸ் வழியாக உள்ளேயும் ஆர்கானை நிரப்பினார். காற்று வெளியேற ஊசித்துளை ஒன்று. நிரப்பாவிட்டால் உள்பக்கத் தையல் தீய்ந்த தோசைக்கல்லைப்போல் கருகிச் சொரசொரத்துவிடும். விரிசலும் அங்கேதான் தொடங்கும். வாடிக்கையாளர் கண்ணில் படாத இடம் அது. கேஸ் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கைவைப்பதும் அங்கேதான்.

டிடிக்காரர் கடைசியில் பாதி இறங்கி வந்தார். 3 அங்குல ஒற்றைக் குழாய். சைலன்சரைத் தாண்டிய பிறகு மட்டும் இரண்டு வாய். கண்ணுக்காக ஓரிரு கிலோ கூடுதல், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதையும் விட்டிருப்பேன்.

சைலன்சரே இல்லாமல் வெறுங்குழாய் கேட்டு வருகிறவர்களை அந்தப் பட்டறை திருப்பி அனுப்புகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸும் போகும். குழாய் மாற்றப் போகிறவர்கள் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழற்ற விடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் வெல்டிங்கின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.