பிலடெல்பியாவில் கலைந்த கற்பனைகள்

அமெரிக்கா என்றதும் நம் மனக்கண்முன் எழும் காட்சி யாது? வானளாவிய மாளிகைகள், வற்றாத செல்வம், இறைவனை மறந்த மக்கள், பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள்! திரைப்படங்கள் தீட்டிய இச்சித்திரத்தைச் சுமந்துகொண்டே நாமும் பிலடெல்பியா நகரில் காலடி வைத்தோம்.

முதலில் அந்நகரின் புனித இராயப்பர் ஆலயத்தைத் தரிசித்தோம். அங்கே பீடத்தின் கீழ், கண்ணாடிப் பேழையில், புனித ஜான் நியூமன் துயில்கின்றார். பொகீமிய நாட்டிலிருந்து 1836-இல் ஏழையாய் வந்திறங்கிய அவர், 1852-இல் இந்நகரின் ஆயரானார். குடியேறிய எளியோரின் பிள்ளைகளுக்கெனப் பங்குப் பள்ளிகளைப் பெருக்கினார். 1860-இல் வீதியிலே விழுந்து உயிர்நீத்தார். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1977-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். வேலை நாளின் நண்பகல் பூசையிலும் பலர் முழந்தாளிட்டிருந்தனர். பக்தியற்ற நாடு என்ற எண்ணம் அங்கேயே தளர்ந்தது.

‘அவரவர் நலமே அவரவர்க்கு’ என்பதும் பொய்த்தது. அந்நாட்டுத் தீயணைப்போரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். இந்நகரில் 1736-இல் அத்தகைய தொண்டர் அணியைத் தொடங்கியவர் பெஞ்சமின் பிராங்கிளின்.

மற்றொரு நாள், ஓர் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இலவச உணவுக்காக நீண்ட வரிசை நின்றது. அனைவரும் செல்வர் என்ற நினைவும் அகன்றது. பரிமாறியவர்களுள் எண்பது வயது முதியவர் ஒருவர் இருந்தார். தனித்து வாழ்வதாக அவர் கூறவே, “மகன் கைவிட்டுவிட்டானோ?” என்று இரக்கத்தோடு வினவினோம்.

அவர் நகைத்தார். “இல்லை, தந்தையே! அவன் கலிபோர்னியாவில், ஏறக்குறைய 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் பணிபுரிகிறான். போகச் சொன்னவனே நான்தான். மாலைதோறும் தொலைபேசியில் பேசுவான். உங்கள் பங்கில் தனித்து வாழும் முதியோர் இல்லையா?”

நாம் வாயடைத்து நின்றோம். மூன்று மக்களையும் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, பூசை முடிந்தும் வீடு திரும்ப மனமின்றிக் கோவில் திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் பங்குத் தாய் ஒருவர் நினைவில் வந்தார். பல மாதங்களாக நாம் அவர் வாசலை மிதித்ததில்லை.

அந்நாட்டில் குறைகள் இல்லை என்போமல்லோம். சிதைந்த குடும்பங்கள் அங்கும் உண்டு. ஆயின் பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை, அயலானுக்கு மட்டுமன்று, அயல்நாட்டுக்கும் பொருந்துமன்றோ? பிறர் வீட்டுக் குறையை எண்ணுபவன் தன் வீட்டு விளக்கைத் தூண்ட மறக்கிறான்.

ஊர் திரும்பியதும் நாம் முதலில் சென்றது அத்தாயின் இல்லத்துக்கே.