கூம்பின் முன் ஐவர்

1917 பிப்ரவரி 26. நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறை. மைக் வராத காலம் அது. ஒரு பெரிய கூம்பு வாயைத் திறந்து காத்திருக்கும். அதற்குள் விழும் ஓசை மறுமுனையில் ஊசியை அதிரவைக்க, ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். முழங்கும் வாத்தியம் தள்ளி நிற்க வேண்டும், மெல்லியது கிட்டே வர வேண்டும். பெரிய டிரம்மின் அடியை மட்டும் அந்த ஊசியால் தாங்க முடியாது.

கூம்பின் முன்னே ஐந்து பேர். ஐவரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். கார்னெட்டை இடக்கையால் வாசிக்கும் நிக் லராக்கா. கிளாரினெட்டுடன் லாரி ஷீல்ட்ஸ். டிராம்போனுடன் எடி எட்வர்ட்ஸ். பியானோ முன் ஹென்றி ராகாஸ். டிரம்ஸுக்குப் பின்னால் டோனி ஸ்பார்பாரோ, வயது 19. கொலம்பஸ் சர்க்கிளில் இருந்த ரைசன்வெபர் உணவகத்தில் நியூயார்க்கை ஆடவைத்துக்கொண்டிருந்த 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' இவர்கள்தான்.

அன்று பதிந்த 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' இப்போது என் முன்னே சுழல்கிறது. குதிரை லாயத்தின் பெயர் கொண்ட பாட்டு. கடைசிப் பகுதியில் எல்லோரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். கிளாரினெட் சேவலாகக் கூவுகிறது. கார்னெட் குதிரையாகக் கனைக்கிறது. டிராம்போன் மாடாகக் கத்துகிறது. ஜனங்களை ஈர்த்தது இந்த விளையாட்டுதான். எனக்கோ அதற்கு முந்தைய பகுதிகளில்தான் காது நிற்கிறது. கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு நேரே நடக்க, கிளாரினெட் அதன் தலைக்கு மேல் வளைந்து ஓட, டிராம்போன் அடியில் வழுக்கிக்கொண்டு வருகிறது. மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசியும் யார் பேச்சும் யாரையும் மறிக்கவில்லை. டிரம்ஸ் இருக்குமிடத்தில் ஒரு மரக்கட்டையின் தட்டலும் ஒரு மணியின் கிணுகிணுப்பும் மட்டும் கேட்கின்றன. மற்றதெல்லாம் கூம்போடு போய்விட்டது.

உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு இது. பாட்டின் உரிமை யாருக்கு என்று அதே ஆண்டு சிகாகோவில் வழக்கு நடந்து, ஒருவருக்கும் இல்லை என்று முடிந்தது. குழுவின் தட்டுகள் ஊர் ஊராகப் போயின. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் பிக்ஸ் பைடர்பெக் என்ற பள்ளிச் சிறுவன் இவர்களுடைய 'டைகர் ராக்' தட்டைச் சுழலவிட்டு, லராக்காவின் விரலோட்டத்தைக் காதாலேயே பிடித்து, தானாகக் கார்னெட் பழகினான்.

1919 பிப்ரவரியில் விஷக்காய்ச்சல் ராகாஸைக் கொண்டுபோனது. அந்த நாற்காலியில் ரஸல் ராபின்சன் உட்கார்ந்தார். குழு லண்டனுக்குக் கப்பலேறியது. 1920களின் நடுவில் லராக்கா உடல்நலம் குன்றி நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பி, வீடு கட்டும் காண்ட்ராக்டர் ஆனார். கார்னெட் பெட்டிக்குள் போனது.

1936. ஊரெல்லாம் ஸ்விங் பெருங்குழுக்கள். பழைய ஆட்கள் மீண்டும் ஒன்றுகூடுகிறார்கள். அதே விக்டர் நிறுவனம். கூம்பு போய் மைக் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. லராக்காவுக்கு இப்போது வயது 47. காலத்துக்கு ஏற்ப அவரை ஒரு பெரிய குழுவின் முன்னால் நிறுத்தியும் சில தட்டுகள் எடுத்தார்கள். அவற்றில் அவர் கார்னெட்டின் குரலே கூட்டத்தில் தொலைந்துபோகிறது. பொக்கிஷம் இருப்பது 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஃபைவ்' என்ற பெயரில் ஐந்தே பேர் வாசித்த ஆறு பாட்டுகளில்.

லாயத்துப் பாட்டு இங்கே 'பார்ன்யார்ட் ப்ளூஸ்'. சேவல் அதே இடத்தில் கூவுகிறது. குதிரை அதே இடத்தில் கனைக்கிறது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்தும் வாசிப்பு அநேகமாக அப்படியே இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. இவர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஒரு கட்டடம்போல் தீர்த்து முடித்து வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தக் கூம்பு எதை விழுங்கியது என்று இன்று தெரிகிறது. டிரம்ஸ்! பெரிய டிரம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஸ்பார்பாரோ தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பவர் அல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் அடியை மாற்றி, கார்னெட்டை முன்னே தள்ளிக்கொண்டே வருகிறார். 19 வயதில் அவர் செய்ததை உலகம் 39 வயதில்தான் கேட்டது.

ஆறில் ஒன்று 'ப்ளூயின் த ப்ளூஸ்'. ராகாஸ் எழுதியது. 1918 தட்டில் அவரே வாசித்திருக்கிறார். 1936இல் வாசிப்பது ராபின்சன். அவர் கைகள் தெளிவாகக் கேட்கின்றன, ஒவ்வொரு சுரமும் பிரிந்து. பழைய தட்டில் ராகாஸின் பியானோ மற்றவர்களுக்கு அடியில், இரைச்சலுக்கும் அடியில் இருக்கிறது. 28 வயதைத் தாண்டாத அந்த மனிதருக்கு மைக் முன்னால் உட்காரும் வாய்ப்பு வரவேயில்லை.

அந்தச் சேர்க்கை நீடிக்கவில்லை. மறுபடி பிரிந்தார்கள். லராக்கா பிற்காலத்தில், ஜாஸை உண்டாக்கியது தாம்தான், கறுப்பர்களுக்கு அதில் பங்கில்லை என்று கடிதம் கடிதமாக எழுதினார். அது பொய். தாம் வளர்ந்த தெருக்களில் கேட்ட இசையையே மறுத்த பொய். ஒலிப்பதிவு அறைக் கதவு அவருக்கு 1917இல் திறந்தது. நியூ ஆர்லியன்ஸின் கறுப்புக் கலைஞர்களில் கிட் ஓரியின் குழுவுக்கு 1922இல், கிங் ஆலிவருக்கு 1923இல். முதலில் பதிந்தவர் என்பதும் முதலில் படைத்தவர் என்பதும் வேறு வேறு. அவருடைய கசப்புக்காக ஷீல்ட்ஸின் கிளாரினெட்டையும் ஸ்பார்பாரோவின் டிரம்ஸையும் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேட்க விரும்புகிறவர்கள் 1936ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து தொடங்குங்கள். டிரம்ஸ் எங்கே விழுகிறது என்று காதுக்குப் பழகிய பிறகு 1917க்குப் போங்கள். இரைச்சலுக்குள் அந்த இளைஞனின் கைகள் பிடிபடும். அதோடு நிறுத்திவிடாமல் ஓரியையும் ஆலிவரையும் தேடிக் கேளுங்கள்.