பசுவுக்கும் பாம்புக்கும் நடுவே சைக்கிளில்!

மதுரைப் பழங்காநத்தத்தின் பக்கத்திலே ஒரு பசு படுத்திருக்கிறது. மேற்கே சற்றுத் தள்ளி ஒரு பாம்பு நீளமாகக் கிடக்கிறது. பயப்படாதீர்கள்! இரண்டும் எப்போதோ மலையாகிவிட்டன. பசுமலைக்கும் நாகமலைக்கும் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை அது.

இந்த மலைகளைச் சுற்றிப் பார்க்க ஏற்ற வாகனம் சைக்கிள்தான். ஆனால் எந்தச் சைக்கிள்?

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வரை எந்த வண்டியும் ஓடும். அங்கே தெற்கே திரும்பிக் கீழக்குயில்குடிக்குப் போய், வயற்பக்கம் இறங்கிப் பாருங்கள். சரளைக்கல், மேடு, பள்ளம், போதாக்குறைக்குச் சீமைக் கருவேல முள்! பந்தய சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயர் இதற்குத் தாங்காது. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம்; அதாவது 40 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கரடுமுரடுப் பாதைக்கென்றே இன்று செய்யும் புது வண்டிகளுக்கும் ஏறக்குறைய அதே அகலந்தான். தாத்தா விவரமானவர்!

மேடு வந்தால்தான் தாத்தாவின் வண்டி திணறும். முன்பல் 44, பின்பல் 18 என்றால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். முழங்கால் என்ன ஆகும்? கியர் வண்டியில் முன்னும் பின்னும் 34 பல்லாக மாற்றிக்கொண்டால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று. மெதுவாகத்தான் போகும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டாம். இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் நல்லது, மழையிலும் பிடிக்கும். சேலை கட்டுகிறவர்கள் செயின் மூடியை மறக்கக்கூடாது. பம்பும் ஒரு மாற்று டியூபும் பையில் இருக்கட்டும்.

புதுக்கோட்டை என்றதும் இன்னொரு புதுக்கோட்டை ஞாபகம் வருகிறது. 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதுவே நல்லது என்றவர்களும் உண்டு. ஏன் தெரியுமா? முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்தவர்கள், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போனார்கள்.

அவர்கள் வண்டியின் அழகைப் பார்க்கவில்லை. தங்கள் பாதையையும் சுமையையும் பார்த்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடைக்காரர் நிறத்தைக் காட்டட்டும். நீங்கள் பல்லை எண்ணுங்கள், டயரை அளந்து பாருங்கள். போகிற வழியில் எது மிக மோசமான இடமோ, அதற்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள். நல்ல சாலையை அது தானே பார்த்துக்கொள்ளும்.

கீழக்குயில்குடியில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உங்களை வரவேற்கும். மேலே சமணர் மலையில், ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தீர்த்தங்கரர்கள் பாறையிலே அமைதியாக வீற்றிருக்கிறார்கள். அங்கே ஏற எந்தக் கியரும் உதவாது. சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறுங்கள்!