யோசனைக்கும் மருந்துண்டு

இதை எழுதுவதா, விடுவதா என்று நாங்கள் இருவரும் பல மாதங்கள் கதைத்தோம். மனவருத்தத்தைப் பற்றி வெளியில் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்பது எம்மவர் எல்லோருக்கும் தெரியும். "அந்த வீட்டில் ஒருவருக்கு விசராம்" என்ற ஒரு பேச்சுப் போதும். பிள்ளையின் கலியாணம் வரை அது பின்னால் வரும். ஆகவே கணவனும் மனைவியுமாகிய நாங்கள் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எங்களில் யாருக்கு எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவில்லை. இது எங்கள் குடும்பத்தின் கதை. உங்களில் பலருடைய கதையாகவும் இருக்கக்கூடும்.

நாங்கள் வசிக்கும் பிளசன்டனில் ஒவ்வொரு கோடையிலும் அலமீடா கவுண்டிக் கண்காட்சி நடைபெறும். யூலை 4 இரவு அந்த மைதானத்தில் வாணவேடிக்கை இருக்கும். 2018 இல் எங்கள் மகளுக்கு 12 வயது. சிநேகிதிகள் எல்லோரும் போகிறார்கள் என்று அடம்பிடித்தபடியால் கூட்டிக்கொண்டு போனோம். முதல் வெடி வெடித்ததுதான் தாமதம், எங்களில் ஒருவர் மகளை நிலத்தில் தள்ளி அவளுக்கு மேலே விழுந்து படுத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். பிள்ளையின் முழங்கை உரஞ்சி இரத்தம் வந்தது. வீடு வந்து சேரும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. "ஏன் அப்படிச் செய்தனீங்கள்?" என்று படுக்கப் போகும்போது மகள் கேட்டாள். "ஒன்றுமில்லை, நித்திரை கொள்" என்றோம்.

அந்த "ஒன்றுமில்லை" எங்கள் வீட்டில் பழைய பழக்கம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. எங்களில் ஒருவரின் தாயார், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் போங்கோ" என்று வாசலில் நின்றுவிட்டார். இரண்டொரு நாளில் திரும்பி வந்து கூட்டிப் போகலாம் என்று நினைத்தோம். முடியவில்லை. பின்னர் செய்திதான் வந்து சேர்ந்தது.

பல நாடுகள் அலைந்து, இங்கே தஞ்சம் கிடைத்து, வேலை கிடைத்து, பிள்ளையும் பிறந்தாள். ஆனால் அந்த வாசலைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒருவருக்கு இரவில் நித்திரை இல்லை. கதவுப் பூட்டை மூன்று நான்கு தரம் போய்ப் பார்ப்பார். சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுவார். மற்றவருக்குச் சாப்பாட்டில் மனமில்லை. நெஞ்சடைப்பு, பெருமூச்சு, உடம்பெல்லாம் உளைவு, எந்த நேரமும் யோசனை. இரத்தம் சோதித்தோம், இருதயம் சோதித்தோம். எல்லாம் சரி என்றார்கள்.

குடும்ப வைத்தியர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, நித்திரை எப்படி, சாகலாம் என்ற எண்ணம் வந்ததா என்றெல்லாம் அதில் இருந்தது. இங்கே எந்த வைத்தியரிடம் போனாலும் தருகிற சாதாரணத் தாள்தான். நாங்கள் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று குறித்துக் கொடுத்தோம். தஞ்ச விசாரணையில் பழகிய பயம் அது. எழுதிக் கொடுத்தது கோப்பில் ஏறும், கோப்பில் ஏறியது ஒருநாள் எங்களுக்கு எதிராக வரும் என்று நினைத்தோம்.

எங்களை அசைத்தது மகளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இரவில் வீட்டில் ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவர் படுத்த பிறகுதான் எனக்கு நித்திரை வரும்" என்று அவள் சொன்னாளாம். ஷெல்லடி என்றால் என்னவென்றே தெரியாமல் இங்கே பிறந்த பிள்ளை, எங்களுக்காக இரவில் காவல் இருந்திருக்கிறாள். அன்று நாங்கள் இருவரும் அழுதோம். பல வருடங்களுக்குப் பிறகு ஒன்றாக அழுதது அன்றுதான்.

ஆனாலும் முதல் முயற்சி பிழைத்துப் போனது. எங்கள் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் போதும். மனதைத் திறக்கப் போதாது. ஆகவே மகளையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போனோம். உளச்சிகிச்சையாளர் அதை ஏற்கவில்லை. அது சரியென்று இப்போது விளங்குகிறது. பெற்றாரின் மரணபயத்தை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லக் கூடாது. இந்த நாட்டில் மத்திய அரசின் பணம் பெறுகின்ற மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். அவசர ஆபத்து வேளையிலன்றிப் பிள்ளைகளை அதற்குப் பாவிக்கக் கூடாது. இது எங்களுக்கு முன்னர் தெரியாது.

பிறகு தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். எங்களில் ஒருவர், "எனக்கு எந்த நேரமும் யோசனை" என்றார். அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, சிகிச்சையாளர் ஆர்வத்தோடு, "நல்லது, என்ன யோசனை?" என்று திருப்பிக் கேட்டார்! எங்கள் ஊரில் யோசனை என்றால் மனக்கவலை. தமிழ்நாட்டில் அது ஒரு திட்டம் அல்லது ஆலோசனை. அன்று அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பு எங்களுக்கு நல்ல சகுனமாகவே அமைந்தது. அதன்பின், "இந்தச் சொல்லால் நீங்கள் கருதுவது என்ன?" என்று சிகிச்சையாளர் ஒவ்வொரு தரமும் கேட்டுக்கொண்டார்.

சிகிச்சை என்று அங்கே என்ன நடக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். சொல்கிறோம்.

நித்திரையில்லாதவருக்கு இருந்தது, நெருக்கீட்டுக்குப் பின் வருகின்ற மனவடு நோய். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அனுபவத்துக்குப் பிறகு, 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தமது நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இதற்குப் பல சிகிச்சை முறைகள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைக்கும் முறை. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் போர் அகதிகளுக்காக உருவாக்கியது. ஒரு நீண்ட கயிற்றை நிலத்தில் விரிப்பார்கள். அதுதான் வாழ்க்கை. நல்ல சம்பவத்துக்கு ஒரு பூ, கெட்ட சம்பவத்துக்கு ஒரு கல். பிறந்த நாளிலிருந்து வரிசையாக வைக்கவேண்டும். எங்களவர் முதல் நாள் கல்லாகவே வைத்தார். "பூ ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டபோதுதான், பள்ளிக்கூடத்து இல்லமெய்வல்லுநர்ப் போட்டியும், தாயார் விடியற்காலையில் சுட்ட அப்பமும் நினைவுக்கு வந்தன.

பின்னர் ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சொல்லவேண்டும். எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன மணம் வந்தது, உடம்பு என்ன செய்தது என்று மெல்ல மெல்லக் கேட்பார்கள். சொன்னதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவார்கள். இதன் காரணத்தையும் விளக்கினார்கள். பயங்கரமான நினைவு மனதில் ஒழுங்காக அடுக்கப்படாமல், திகதியும் இடமும் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதனால் பிளசன்டன் வாணவேடிக்கையும் வலிகாமத்து ஷெல்லும் உடம்புக்கு ஒன்றாகவே தெரிகின்றன. தொடக்கமும் முடிவும் வைத்துச் சொல்லச் சொல்ல, அது "அப்போது, அங்கே" நடந்த ஒன்றாக மாறுகிறது. மறப்பதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மற்றவருக்கு இருந்தது மனச்சோர்வு. அதற்குக் கயிறும் இல்லை, கல்லும் இல்லை. ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய சிறு வேலைகளின் அட்டவணை: பத்து நிமிடம் நடை, ஒருவரோடு தொலைபேசியில் பேச்சு, ஒரு கறி சமைப்பது. மனம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், செய்தால் மனம் வரும் என்பது இதன் கருத்து. அத்தோடு, "தாயை விட்டுவிட்டு வந்த பாவிகள் நாங்கள்" என்ற எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் எது, எதிர் ஆதாரம் எது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். மருந்தும் தந்தார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்தது.

இவையெல்லாம் வெள்ளைக்காரருடைய விடயம், எங்களுக்குச் சரிவராது என்று சொல்வோர் உண்டு. நாங்களும் சொன்னவர்கள்தான். ஆனால் போரின் நடுவில் யாழ்ப்பாணத்திலேயே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் இந்தப் பணியைச் செய்தார்கள். எங்கள் சனத்தின் மனக்காயங்களைப் பற்றி 1998 இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற ஆங்கில நூலை அவர் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' நிலையம் உளவளத்துணை வழங்கியது. ஜெபம், தியானம், சாந்தி ஆசனம் ஆகியவற்றையும் அவர்கள் சிகிச்சையில் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ச் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் முறையையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் உதவின. ஆகவே லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலுக்கு நாங்கள் போவதைச் சிகிச்சையாளர் தடுக்கவில்லை. "அங்கே மனம் ஆறினால் போங்கள், இங்கேயும் வாருங்கள்" என்றார்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டோம். முதல் சில வாரங்களில் கெட்ட கனவுகள் கூடின. இரண்டு தரம் நிறுத்தப் பார்த்தோம். முதலில் சந்தித்தவர் எங்களுக்கு ஒத்துவரவில்லை. வேறொருவரை மாற்றிக் கேட்டோம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. காத்திருப்பும் நீண்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும். உயிராபத்து, சிறுவர் துன்புறுத்தல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதல் நாளே விளக்கமாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊரவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், தொலைபேசியில் தூர இடத்திலிருந்து ஒருவரைக் கேட்கலாம். பிளசன்டனில் 'அக்ஸிஸ் கொமியூனிற்றி ஹெல்த்' என்ற சமூக மருத்துவ நிலையத்தில் மனநல சேவையும் உண்டு. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறைப்பார்கள். சித்திரவதைக்கு உட்பட்டவர்களுக்கென்று சன் ஹோசேயில் 'ஏ.ஏ.சி.ஐ.' நிறுவனத்தின் தனி நிலையம் இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். 2022 யூலை முதல் நாடு முழுவதும் இயங்குகிறது, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

வாணவேடிக்கைக்கு நாங்கள் இன்னும் போவதில்லை. யூலை 4 இரவு யன்னலைச் சாத்திவிட்டு மூவரும் ஒன்றாக இருந்து தேநீர் குடிப்போம். சத்தம் கேட்டால் உடம்பு ஒருமுறை துடிக்கும், பிறகு அடங்கும். ஒருநாள் அப்படி இருந்தபோது மகள் அந்தப் பழைய கேள்வியை மீண்டும் கேட்டாள். இம்முறை "ஒன்றுமில்லை" என்று நாங்கள் சொல்லவில்லை. வாசலில் நின்ற அப்பம்மாவோ அம்மம்மாவோ, அந்த மனுசியின் கதையை முதலிலிருந்து முடிவு வரை சொன்னோம். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றிரவு எங்கள் வீட்டில் மூவரும் நித்திரை கொண்டோம்.