ஒரே பெயர், இரண்டு வகைகள்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் புதிய நூலகம் ஒன்றை ஏற்றுவது ஒற்றை வரியில் முடிகிற வேலை என்ற எண்ணம் டாட்நெட் நிரலாளர்களிடையே வேரூன்றியிருப்பதற்கு, அந்த வரி பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே பலித்துவிடுவதே காரணம். ஆனால், அசெம்பிளி எனப்படும் அந்தத் தொகுக்கப்பட்ட கோப்பு எந்தச் சூழலில் ஏறியது என்பதை அறிந்து, தேவை முடிந்ததும் அதை இறக்கவும் தெரிந்தவரையே இத்தொழில் கைதேர்ந்தவர் என ஏற்கும்.

பழகியவர்களையும் திணறடிப்பது, டைப் எனப்படும் வகையின் அடையாளம். ஒரு வகை எது என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த அசெம்பிளியைச் சேர்ந்தது, அந்த அசெம்பிளி எந்த ஏற்றச் சூழலில் இருக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே, தாய் நிரலும் அதில் ஏறும் செருகுநிரலும் பொதுவாக நம்பியிருக்கும் இன்டர்ஃபேஸ் அடங்கிய டி.எல்.எல். கோப்பின் நகல் ஒன்று செருகுநிரலின் கோப்புறையிலும் தங்கிவிட்டால், அது இரு சூழல்களில் இருமுறை ஏறி, ஒரு வகையை அதே பெயருள்ள வகையாக மாற்ற முடியவில்லை என்ற விசித்திரமான பிழைச்செய்தி வந்து நிற்கும். இரு பெயர்களையும் எழுத்தெண்ணி ஒப்பிட்டே பொழுதைக் கழிப்பவர் பலர். பொதுக்கோப்பைத் தாய் நிரலின் இயல்புச் சூழலில் மட்டும் வைத்து, செருகுநிரலின் சூழல் அதைக் கேட்கும்போது அதன் லோட் மெத்தட் வெறும் நல் மதிப்பைத் திருப்பித் தரச் செய்தால், தேடல் இயல்புச் சூழலுக்குச் சென்று சிக்கல் அவிழும்.

இறக்குவது இன்னும் நுட்பமானது. 2002இல் வெளிவந்த டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் தனி அசெம்பிளியை இறக்க வழியில்லை. ஆப்டொமைன் என்னும் தனித்த எல்லையையே முழுதாகக் கலைக்க வேண்டும். டாட்நெட் கோர் ஒரே ஆப்டொமைனுடன் வந்ததால் அந்த வழியும் அடைபட்டு, 2019இன் 3.0 பதிப்பில்தான் அசெம்பிளி லோட் கான்டெக்ஸ்ட் என்னும் ஏற்றச் சூழல் இறக்கத்தக்கதாகக் கிடைத்தது. அங்கும் அன்லோட் என்ற அழைப்பு இறக்கத்தைத் தொடங்கி மட்டுமே வைக்கிறது. ஸ்டாடிக் மாறியோ, விலக்கப்படாத ஈவென்ட் ஹேண்ட்லரோ, ஓடும் த்ரெட்டோ செருகுநிரலின் பொருளொன்றைப் பற்றியிருக்கும்வரை சூழல் நினைவகத்தைவிட்டு நகராது. வீக் ரெஃபரன்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, கார்பேஜ் கலெக்டரை ஓடவிட்டு, சூழல் உண்மையிலேயே மறைந்ததா என்று சோதிப்பது கட்டாயக் கடமை.

இக்கடமையை இன்றைய அவசரம் ஏற்பதில்லை. ஏற்றிய கோப்பு விண்டோஸில் பூட்டிக்கொள்கிறது என்று, அதை பைட்டுகளாகப் படித்து நேரே ஏற்றும் குறுக்குவழியே பரவலாகியிருக்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும் புதிய நகல் சேர்கிறது, எதுவும் இறங்குவதில்லை. நினைவகம் நிரம்பியதும் இரவுதோறும் சர்வரை மறுதொடக்கம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டு, அதையே தீர்வென ஆவணத்திலும் எழுதிவைக்கும் வழக்கத்தை, இத்தொழிலை மதிக்கும் எவரும் பொறுத்துக்கொள்வது கடினம்.