நிலம் மூச்சு விடுகிறது

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி, தன் குழுத் தோழியர் மூவர் சார்பாகவும் எழுதியது)

ஒருவரை முழுமையாக நம்பினால் 'மலைபோல் நம்பினோம்' என்று சொல்கிறோம். காற்று அசையும், கடல் அசையும், மரம் அசையும். மலையும் மண்ணும் மட்டும் அசையமாட்டா என்பது நம் எண்ணம். நாங்கள் நால்வரும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இக்கல்வியாண்டில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உழைத்தபோதுதான், நிலமும் மூச்சு விடுகிறது, அந்த மூச்சை வானிலிருந்து அளக்கவும் முடிகிறது என்று அறிந்தோம். அத்துடன் வேறொரு பாடத்தையும் கற்றோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

2025 ஜூலை 30ஆம் நாள் மாலை பள்ளி விட்ட பின்னும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நைசார்' என்னும் செயற்கைக்கோள் புறப்படுவதைத் திரையில் காட்டுவதாக அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். நம் நாட்டு இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்த கோள் அது. எடை 2,392 கிலோ. சரியாக 5.40 மணிக்கு ராக்கெட் எழும்பியபோது நாங்கள் கைதட்டிய ஓசை மடத்துச் சமையலறை வரை கேட்டதாம். ஓசை அடங்கியதும் சிஸ்டர் கேட்டார்கள்: "பூமியைப் படம் எடுக்க எத்தனையோ கோள்கள் இருக்கின்றனவே, இது எதற்கு?"

"மேகத்தை ஊடுருவிப் பார்க்க" என்றாள் எங்களுள் ஒருத்தி.

"சரிதான். ஆனால் இது பார்ப்பதோடு நிற்கவில்லை; அளக்கவும் செய்கிறது. நிலம் ஒரு விரல் அகலம் உயர்ந்தாலும் இதற்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கண்டுபிடித்துக் கண்காட்சிக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். இப்படித்தான் எங்கள் வேலை தொடங்கிற்று.

முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுநூறு கிலோமீட்டருக்கு மேலே பறக்கும் ஒரு பொருள், தரையில் ஏற்படும் இரண்டு சென்டிமீட்டர் மாற்றத்தை எப்படி அறியும்? பல நாள் படித்தும், பலமுறை சிஸ்டரைத் தொந்தரவு செய்தும் நாங்கள் புரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறோம்.

ரேடார் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் அதற்கு இரவும் பகலும் ஒன்று. மேகமும் புகையும் தடையல்ல. இனி ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சின்ன முள் ஒடிந்துவிட்டது, பெரிய முள் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்தால் மணி என்னவென்று தெரியாது. ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுமுறை பார்த்தால், இடையில் முள் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். திரும்பிவரும் அலையும் அப்படித்தான். வழியில் எத்தனை முழு அலைகள் கடந்தன என்பது தெரியாது. கடைசி அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். பன்னிரண்டு நாள் கழித்துக் கோள் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து மறுபடி பார்க்கிறது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்தால் மிஞ்சுவதே நிலத்தின் அசைவு.

ஐரோப்பாவின் 'சென்டினல்-1' கோள்கள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அலை போகவும் வரவும் வேண்டியிருப்பதால், நிலம் கோளை நோக்கி 2.8 சென்டிமீட்டர் உயர்ந்தாலே முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். அந்த ஒரு சுற்றைப் படத்தில் வானவில் நிறங்களின் ஒரு வரிசையாகத் தீட்டுகிறார்கள். எரிமலையைச் சுற்றி மூன்று வண்ண வளையங்கள் இருந்தால், வெளியிலிருந்து நடுவரைக்கும் நிலம் எட்டுச் சென்டிமீட்டருக்கு மேல் அசைந்திருக்கிறது என்று பொருள். 1991இல் ஏவப்பட்ட ஈ.ஆர்.எஸ்.-1 என்ற கோளின் படங்களைக் கொண்டு, இத்தாலியின் எட்னா மலை குழம்பைக் கக்கக் கக்க மெல்லத் தணிந்ததை மாசோனே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 1995இல் உலகுக்குக் காட்டினார்கள். காற்று இறங்கும் பலூனைப்போல் ஒரு பெரும் மலை தாழ்வதை அந்த வளையங்கள் காட்டின.

பலூன் என்றதும் எங்களுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஒரு பலூனை வைத்து, அதன்மேல் மைதா மாவைக் கொட்டிச் சமப்படுத்தினோம். எங்களுள் ஒருத்தியின் தாயார் நர்ஸ். அவர் தந்த குளுக்கோஸ் குழாயைப் பலூனோடு இணைத்தோம். மாவுக்குக் கடுகளவு உயரத்தில் ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டினோம். ஒருத்தி குழாயில் மெதுவாக ஊதினாள். நாங்கள் மூவரும் கண் இமைக்காமல் பார்த்தோம். மாவு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றியது. ஆனால் நூலைப் பார்த்தால், அதன் நடுப்பகுதி வெள்ளையாகியிருந்தது! கண்ணுக்குத் தெரியாதது நூலுக்குத் தெரிந்துவிட்டது. மேலும் ஊதியபோது மாவில் வெடிப்புகள் ஓடின. காற்றை விட்டதும் நடுவில் குழி விழுந்தது.

இதே காட்சி உண்மையாக நடந்த ஓர் ஊரின் கதையை எங்கள் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டோம். ஐஸ்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில் ரேக்யானஸ் தீபகற்பத்தில் கிரிண்டாவிக் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் உறங்கிய அத்தீபகற்பம் 2021 மார்ச்சில் மீண்டும் குழம்பைக் கக்கத் தொடங்கிற்று. 2023 அக்டோபர் இறுதியில் ஊருக்கு வடக்கே, ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் வீங்கத் தொடங்கியதை ரேடார் படங்களும் ஜி.பி.எஸ். கருவிகளும் காட்டின. அடியில் பாறைக்குழம்பு சேர்ந்துகொண்டிருந்தது. ஊரில் நடப்பவர் எவருக்கும் அந்த வீக்கம் தெரியாது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், படகுகள் கடலுக்குப் போயின.

நவம்பர் 10ஆம் நாள் பிற்பகலில் நில அதிர்வுகள் ஓயாமல் வரத் தொடங்கின. சேர்ந்திருந்த குழம்பு, நிறுத்தி வைத்த பலகையைப்போல் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் பிளந்துகொண்டு பாய்ந்து, ஊரின் கீழேயே வந்து சேர்ந்தது. அன்றிரவே ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, காரில் வரிசையாக இருட்டில் புறப்பட்டார்கள். பின்னர் வந்த அளவுகளில், குழம்பு வெளியேறிய ஸ்வார்ட்செங்கி தாழ்ந்திருந்தது. கிரிண்டாவிக்கின் ஒரு பகுதி ஒரு மீட்டர் அளவுக்கு அமிழ்ந்திருந்தது. எங்கள் மாவில் விழுந்த குழி எங்களுக்கு நினைவு வந்தது. ஆனால் எங்கள் மாவின்மேல் வீடு எதுவும் இருக்கவில்லை.

இனி எங்கள் தவற்றைச் சொல்கிறோம். கண்காட்சிக்கான அட்டையில் பெரிய சிவப்பு எழுத்துகளில், "எரிமலை வெடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும் விண்கண்!" என்று எழுதியிருந்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. கண்காட்சிக்கு முந்திய நாள் மாலை சிஸ்டர் வந்து அதைப் படித்தார்கள். கோபிக்கவில்லை. "ஊரை விட்டு மக்கள் போனது எந்த நாள்?" என்று மட்டும் கேட்டார்கள்.

"நவம்பர் 10, சிஸ்டர்."

"குழம்பு வெளியே வந்தது?"

"டிசம்பர் 18, சிஸ்டர்."

"இடையில் எத்தனை நாள்?"

எண்ணிப் பார்த்தோம். முப்பத்தெட்டு நாள். அந்த முப்பத்தெட்டு நாளும் குழம்பு எப்போது வெளிவரும், வருமா வராதா என்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. மக்கள் சில நிமிடங்களுக்கு மட்டும் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டு, செல்லப்பிராணிகளையும் அவசியமான பொருள்களையும் எடுத்துவந்தார்கள். நிலம் எங்கே வீங்குகிறது, எவ்வளவு வீங்குகிறது, அடியில் எவ்வளவு குழம்பு சேர்ந்திருக்கக்கூடும் என்பதை ரேடார் காட்டியது. நாளை அது சொல்லவில்லை. அது தினமும் பார்க்கும் கண்ணும் அல்ல. ஒரே பாதைக்குத் திரும்பிவர நாள்கள் ஆகும். காற்றின் ஈரம் அலையைத் தாமதப்படுத்தினால் இல்லாத வீக்கம் இருப்பதாகத் தோன்றும். பனி மூடினால் இரண்டு படங்களும் ஒத்துவராது. அதனால்தான் விஞ்ஞானிகள் நில அதிர்வுக் கருவியையும் ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சிஸ்டர் போன பின் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. "நடுவர்கள் யாரும் நாள் எண்ணப் போவதில்லை. இந்த வரிதான் பரிசு வாங்கித் தரும்" என்றாள் ஒருத்தி. உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லோர் மனத்திலும் அந்த எண்ணம் இருந்தது. அப்போது இன்னொருத்தி, "அந்த ஊரில் நம் வீடு இருந்து, இப்படி ஓர் அட்டையை நம்பி நாம் இருந்திருந்தால்?" என்று கேட்டாள். எவரும் பேசவில்லை. வெள்ளைத் தாளை ஒட்டி அந்த வரியை மறைத்தோம். அதன்மேல், "நிலம் எங்கே, எவ்வளவு அசைந்தது என்று காட்டும் விண்கண்" என்று எழுதினோம். முன்னைய வரியைப்போல் அது கவர்ச்சியாக இல்லை. வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. வீட்டில் திட்டும் கிடைத்தது.

மறுநாள் எங்களுக்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. ஆனால் எங்களுள் ஒருத்தியின் பாட்டி வந்து, எங்கள் விளக்கத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, "அந்த ராத்திரி எல்லாரும் தப்பிச்சுட்டாங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம் பாட்டி. மறு ஜனவரி 14ஆம் தேதி ஊர் ஓரத்திலேயே பூமி பிளந்து மூன்று வீடுகள் எரிந்துபோயின. அதற்கு முன்பே, விடியற்காலையில் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அந்த வீடுகளில் ஒருவரும் இல்லை."

"அது போதும். அப்புறம் அவங்க வீட்டுக்குத் திரும்பி வந்தாங்களா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் அட்டையில் இடமே இருக்கவில்லை. ஊரிலுள்ள பெரும்பாலான வீடுகளை அரசு விலைகொடுத்து வாங்கிக்கொண்டதையும், பல குடும்பங்கள் வேறு ஊர்களில் குடியேறியதையும் சொன்னோம். பாட்டி சிறிது நேரம் எங்கள் மாவுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உசிர் இருக்கே, கண்ணு. வீட்டை மறுபடி கட்டிக்கலாம். ஆனா மனசு அந்த வாசல்லயேதான் நிக்கும்" என்றார்கள். எந்த நடுவரும் எங்களுக்கு இவ்வளவு சொல்லவில்லை.

அந்நிலம் அதன் பிறகும் ஓயவில்லை. நிலம் வீங்கும், குழம்பு வெளிவரும், நிலம் தணியும், மறுபடி வீங்கும். 2023 டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை அங்கே ஒன்பது முறை குழம்பு பொங்கிற்று. ஒன்பதாம் முறை பொங்கியது 2025 ஜூலை 16இல்; இரண்டே வாரம் கழித்துத்தான் நாங்கள் நைசாரை வழியனுப்பிக் கைதட்டினோம். நைசாரில் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையும் உண்டு. செடிகொடிகளின் ஊடே தரையை எட்ட அது சிறந்தது. காடு மூடிய எரிமலைகளின் அடிவாரத்தில் வாழும் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அன்புத் தோழியரே! அறிவியலால் நிலத்தின் மூச்சை நிறுத்த முடியாது, அளக்க முடியும். அளந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால்தான், எழுந்து போகவேண்டிய இரவில் மக்கள் அச்சொல்லை நம்பி எழுந்து போவார்கள். வானத்துக் கண்ணை மலைபோல் நம்பலாம். ஆனால் அது சொல்லாததை அதன் வாயில் நாம் வைக்கக்கூடாது. ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிய அந்த மாலையில் நாங்கள் கற்ற பாடம் இதுவே.